ஜாக்கெட்டைப் பற்றி அக்காவுக்கு

லில்லஹம்மர், நார்வே
தை 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று பக்கத்தில் இரண்டு பக்கம் என் ஜாக்கெட்டுக்கே போய்விட்டது. போட்டோவில் மணிக்கட்டுப் பக்கம் ஒட்டுப் போட்டிருப்பது தெரிகிறதாம், அம்மா அன்றிரவு சாப்பிடவில்லையாம். அம்மாவிடம் சொல், இந்த ஊரில் ஒட்டுப் போட்ட ஜாக்கெட்டுக்குத்தான் மரியாதை. மினுமினுவென்று புது உடுப்பில் மலைக்கு வருகிறவர்கள் எல்லாம் சுற்றுலாக்காரர்கள். எங்கள் கடையில் பனிச்சறுக்குச் சாமான்களை வாடகைக்கு எடுப்பவர்களும் அவர்கள்தான்.

உள்ளே போட்டிருப்பதைப் பார்த்தால் இன்னும் சிரிப்பாய். விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை ஓட்டையாக ஒரு பனியன். 1933-இல் நார்வே ராணுவ அதிகாரி ஒருவர் மீன்வலையை வைத்துத் தைத்துப் பார்த்தாராம். இன்றும் அதே மாதிரிதான் பின்னுகிறார்கள். ஓட்டைக்குள் நிற்கிற காற்று சூட்டைக் காக்கிறது, வேர்வையும் உடம்பில் தங்காது. 1953-இல் எவரெஸ்ட் ஏறிய குழுவினர் போட்டதும் இதுதான். அத்தான் நம்பமாட்டார், இருந்தாலும் சொல்.

எதிர்வீட்டுத் தாத்தா, அதுதான், குப்பைத் தொட்டியை வெந்நீரில் கழுவுகிறவர், தன் அப்பா காலத்து மரச் சறுக்குப் பலகை ஒரு ஜோடியை எனக்குக் கொடுத்துவிட்டார். என்னைவிட உயரம். மேலே பர்ச் மரம், அடியில் ஹிக்கரி என்கிற கெட்டி மரம். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கிற பூட்டு 1927-இல் வந்த அமைப்பு. இரும்புத் தகட்டில் மூன்று முள், பூட்ஸின் அடியில் மூன்று துளை, மேலே ஒரு கம்பியை அழுத்தினால் முடிந்தது. குதிகால் மட்டும் தூக்கி நடக்கலாம். கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது? கடையில் இருக்கிற பிளாஸ்டிக் பூட்ஸ் பார்க்கப் பளபளவென்று இருக்கும், வயதாகிவிட்டால் ஒருநாள் மாட்டும்போதே பிளந்துகொள்ளும். அதற்காகப் பழையதெல்லாம் தங்கம் என்று சொல்லமாட்டேன். செங்குத்துச் சரிவில் இறங்குகிறவர்களுக்கு, விழுந்தால் தானாகக் கழன்றுகொள்கிற பூட்டு வேண்டும். அது பழசாகி, இறுகிக் கழலாமல் போனால் கால் முறியும். அதைக் கடையில் ஓரமாக எடுத்து வைத்துவிடுவோம், யார் கேட்டாலும் கொடுப்பதில்லை.

மரப் பலகையைப் பராமரிப்பது ஒரு பூஜை மாதிரிதான். ஐப்பசியில், பனி விழுவதற்கு முன், தாத்தா கொட்டகையில் வைத்துக் காட்டினார். பைன் மரத் தாரைப் பிரஷ்ஷால் அடிப்பக்கம் பூசி, தீச்சுடரை மேலே ஓட்டிக்கொண்டே போனார். தார் சிறு சிறு குமிழாகக் கொதித்து மரத்துக்குள் இறங்கியது. மிச்சத்தைத் துணியால் துடைத்தார். வேலை முடிந்ததும் இரண்டு பலகையையும் அடியோடு அடி சேர்த்து, வளைவு போய்விடாமல் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகிக் கட்டி வைத்தார். அந்தப் புகையில் குங்கிலிய வாசனை. அடைமழை நாளில் அம்மா தூபக்காலில் போட்டு, கூடம், தாழ்வாரம், மாட்டுக் கொட்டில் என்று ஒன்று விடாமல் காட்டுவாளே, அதே வாசனை. தாத்தா காப்பி கொண்டுவரப் போனார். நான் அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பொங்கலுக்குப் பால் பொங்கியது. அடுப்புக்கு முன்னால் நின்று மெதுவாகத்தான் "பொங்கலோ பொங்கல்" சொன்னேன், கீழ்வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தாத்தாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு எனக்கு ஓர் ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

இந்த வருடம் பனி பிந்திவிட்டதால் கடையில் வேலை நேரம் குறைவு. நல்லதுதான், தூங்க நேரம் கிடைக்கிறது. இந்த மாதப் பணத்தைப் பங்குனியில் சேர்த்து அனுப்புகிறேன்.

இனி நிலத்து விஷயம். குடமுருட்டி ஆற்றங்கரை இரண்டு மா நிலத்தை விற்று அறுவடை மெஷினுக்கு முன்பணம் கட்டப் போகிறேன் என்கிறானாமே சின்னவன்? சம்பா அறுப்புக்கு வெளியூர் மெஷின்கள் சாரிசாரியாக வந்து நிற்கும்போது இவனை யார் கூப்பிடுவார்கள்? சீசன் முடிந்தால் கொட்டகையில் நிறுத்தித் தவணை கட்ட வேண்டியதுதான். பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. அம்மாவையும் சேர்த்து நான்கு பேர் பெயருக்கு மாற்றாமல் எந்த விலைப் பேச்சும் வேண்டாம். வாரிசுச் சான்றிதழ் டிரங்குப் பெட்டியில், மஞ்சள் பைக்குள் இருக்கிறது. வி.ஏ.ஓ.வைப் பார்க்க அத்தானே போகட்டும். சின்னவனை அனுப்பினால் சண்டையோடு திரும்புவான். கொள்முதல் நிலையத்துக்குப் போகும் முன் நெல்லை நன்றாகக் காயவைக்கச் சொல், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் இழுத்தடிப்பார்கள்.

அம்மாவின் கண் ஆபரேஷனை மாசியிலேயே முடித்துவிடு. அதற்காக உன் சங்கிலியை அடகு வைக்காதே. அந்தப் பணம் மட்டும் எப்படியும் வந்துவிடும். தேதி முடிவானதும் எழுது, வடக்குத் தெரு அத்தையைத் துணைக்கு வரச் சொல்லி நானே தனியாக எழுதுகிறேன். நீ கூப்பிட்டால் வரமாட்டாள்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி