கிராவிட்டியின் வேரையும் பாடத்தில் எழுதுங்கள்

அறிவியல் பாடநூல் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். கிராவிட்டி (ஈர்ப்பு), பாரோமீட்டர் (காற்றழுத்தமானி), பேரியம் என்ற தனிமம் மூன்றையும் பள்ளியில் தனித்தனியாக உருப்போட்டவன் நான். மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை என்று தெரியவர எனக்கு 20 ஆண்டுகள் ஆயின.

1687-இல் நியூட்டன் ஈர்ப்பு விதியைச் சொல்லும் தம் பிரின்சிபியா நூலை லத்தீனில் வெளியிட்டார். அதில் அவர் ஆண்ட சொல் 'கிராவிடாஸ்'. கனம் என்று பொருள். அதற்கும் முந்தைய வேரை மொழியியலாளர்கள் லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் ஆகியவற்றுக்குத் தாயான தொல் இந்தோ-ஐரோப்பிய மொழியில் காட்டுகிறார்கள். அம்மொழியில் எழுதிய ஒரு கல்வெட்டுகூடக் கிடையாது. கிளை மொழிகளை ஒப்பிட்டு மீட்ட வடிவம் என்பதால் அதன் முன்னே நட்சத்திரக் குறி இடுவார்கள். அந்த வேரின் முதல் ஒலி ஏறக்குறைய 'க்வ'. லத்தீனில் இச்சொல்லிலும் சமஸ்கிருதத்திலும் அது ககரமாக நின்றது. கிரேக்கத்தில் உதட்டுக்கு நகர்ந்து பகரமானது. பசு அங்கே 'பூஸ்', சமஸ்கிருதத்தில் 'கௌ' என்பதும் இதே மாற்றம்தான். கனத்துக்குக் கிரேக்கர் சொன்னது 'பாரோஸ்'. பாரோமீட்டர் அதில் பிறந்தது. 1808-இல் வேதியியலாளர் டேவி பிரித்தெடுத்த பேரியத்துக்கும், கனமான பேரைட் கனிமத்தின் வழியாக, அதே உறவு.

சமஸ்கிருதக் கிளை நமக்குப் பழகிய சொல்: குரு. கனமானது என்பதே அதன் முதற்பொருள். ஆசான் பிறகு வந்தது. 'இருளை நீக்குபவர்' என்ற விளக்கம் அழகானதுதான், ஆனால் சொற்பிறப்பு அன்று. குருவிலிருந்து கௌரவம். லத்தீன் கிராவிடாஸும் எடையையும் மாண்பையும் சேர்த்தே குறித்தது. இதைக் கண்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒலி ஒத்துப்போகிறதே என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பாரோமீட்டரைப் பாரமானி என்றும் சொல்கிறோம். பாரமும் பாரோஸும் அண்ணன் தம்பி போலத் தோன்றும். உறவே இல்லை. பாரம், சுமத்தல் என்ற பொருளுடைய வேறொரு வேரில் வந்தது.

நம் 'ஈர்ப்பு' இந்தக் குடும்பத்தைச் சேராதது. ஈர் என்றால் இழு. கிராவிட்டி கனத்தைப் பார்த்து வைத்த பெயர். ஈர்ப்பு, இழுப்பதைப் பார்த்து வைத்தது. இரண்டு பார்வையும் மாணவருக்குக் கிடைக்க வேண்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். சொல் முதலில் வரும் பக்கத்தின் ஓரத்திலேயே அதன் வேரை இரண்டு வரியில் அச்சிடுங்கள். பின்னிணைப்பில் போட்டால் எந்தப் பிள்ளையும் புரட்டாது. அச்சுக்குப் போகுமுன் வரலாற்று மொழியியல் அறிந்த ஒருவரிடம் அந்த வரிகளைக் காட்டிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நூல்களைப் படித்து வளர்ந்த ஒருவன்