பழைய கார்: பெயிண்ட்டைப் பார்க்கிறோம், பெயர் மாற்றத்தை மறக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய காரின் விலை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாமல் போய்விட்ட நிலையில், ஒன்று ஒன்றரை லட்ச ரூபாய்க்குள் பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஓடிய சிறிய கார் ஒன்றை வாங்கிவிடலாமா என்று யோசிப்பவர்கள் எங்கள் கும்பகோணம் பகுதியில் பெருகிவிட்டார்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியனான நான் இதுவரை மூன்று கார்கள் வைத்திருந்திருக்கிறேன். மூன்றுமே பிறர் ஓட்டிக் கழித்தவை. அதனால் என்னிடம் யோசனை கேட்டு வருபவர்கள் உண்டு. மைலேஜ் எவ்வளவு கொடுக்கும், எந்த நிறம் அழுக்குத் தெரியாமல் இருக்கும் என்றெல்லாம் கேட்பவர்கள், ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது, அது தம் பெயருக்கு எப்போது மாறும் என்று மட்டும் கேட்பதில்லை. இக்கடிதத்தை எழுதத் தூண்டியது அதுதான்.

2017-ஆம் ஆண்டு என்னுடைய மாருதி 800-ஐ ஒரு தரகர் மூலம் விற்றேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் தேதியும் வாங்குபவர் பெயரும் எழுதாமலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். "ஒரே வாரத்துல பேர் மாத்திடுவோம் சார், நீங்க கவலையே படாதீங்க" என்றார் தரகர். நானும் கவலைப்படவில்லை. பதினான்கு மாதங்கள் கழித்து வேறொரு மாவட்டக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. என் பெயரிலிருந்த வண்டி ஒரு இருசக்கர வாகனத்தை இடித்துவிட்டது. இன்ஷூரன்ஸ் காலாவதியாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. நல்லவேளையாக அடிபட்ட இளைஞருக்குச் சிராய்ப்போடு போயிற்று. நான் அங்கே போய்ப் பார்த்தபோது கார் மூன்றாவது கை மாறியிருந்தது. டேஷ்போர்டு பெட்டிக்குள், நான் கையெழுத்திட்ட அதே படிவங்கள், தேதி எழுதப்படாமல், ஒரு கோயில் பிரசாதப் பொட்டலத்துக்கு அடியில் மடங்கிக் கிடந்தன.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 50-ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். பணம் கைமாறியதாலோ வெற்றுத்தாளில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டதாலோ விற்றவரின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. பல கை மாறிய ஒரு காரால் நேர்ந்த விபத்து வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே விற்பவர் படிவம் 29-ஐத் தேதியோடும் வாங்குபவரின் முழு விலாசத்தோடும் தாமே நிரப்பி, ஒரு பிரதியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுவது நல்லது. சாவியைக் கொடுத்த தேதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ரசீது ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

வாங்குபவருக்கும் இது பொருந்தும். பழைய காரோடு வரும் இன்ஷூரன்ஸையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்; இல்லையென்றால் சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் கையை விரித்துவிடும். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் 'நோ கிளெய்ம் போனஸ்' சலுகை பழைய உரிமையாளரோடு போய்விடும், வண்டியோடு வராது. முந்தைய உரிமையாளர் வங்கிக் கடனில் வாங்கியிருந்தால் ஆர்.சி.யில் அந்த வங்கியின் பெயர் ஏறியிருக்கும். கடன் அடைபட்டதற்கான படிவம் 35-உம் வங்கியின் தடையில்லாச் சான்றும் கைக்கு வராமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ்கூடக் கொடுக்கலாகாது. நிலுவையிலுள்ள அபராதங்களை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு தூண்டிலும் உண்டு. காரைக்காலில் பதிவான, பி.ஒய். எண் தாங்கிய கார்கள் சற்று மலிவாகக் கிடைக்கும். டெல்லியில் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கும் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளால் அங்கிருந்தும் வண்டிகள் தெற்கே வருகின்றன. தடையில்லாச் சான்று பெற்று, தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்றி, இங்கே கட்டவேண்டிய ஆயுள் வரியையும் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும்.

இனி வண்டியைப் பற்றி. இப்போது நான் ஓட்டுவது 2010-ஆம் ஆண்டு ஆல்டோ. 796 சிசி, மூன்று சிலிண்டர். அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அதன் பாகம் கிடைக்காத ஊர் தமிழ்நாட்டில் இல்லை, அதைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக்கும் இல்லை. சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகமே தேடிப் பிடித்துவிடலாம். தயாரிப்பு நின்று, நிறுவனமே நாட்டைவிட்டுப் போய்விட்ட ஒரு அழகான காரை அதே விலைக்கு வாங்கிய என் உறவினர், ஒரு கதவுக் கைப்பிடிக்காக ஏழு வாரம் காத்திருந்தார்.

ஆல்டோவைப் பார்க்கப் போன அன்று காலை ஏழு மணிக்கு என் மெக்கானிக்கையும் அழைத்துப் போயிருந்தேன். அவர் முதலில் செய்த காரியம், பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்ததுதான். குளிர்ந்திருந்தால்தான் இன்ஜின் காலையில் முதல் முறை எப்படிக் கிளம்புகிறது என்பது தெரியும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் விற்பவர் எதையோ மறைக்கிறார் என்று பொருள். அடுத்து ஆயில் மூடியைத் திருகி எடுத்து உட்புறத்தை விரலால் வழித்தார். அங்கே மோர் போல வெளுத்த கசடு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்குள் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் தகடு) போய்விட்டது என்று கொள்ளலாம். பிறகு ஒவ்வொரு சீட் பெல்ட்டையும் கடைசி அங்குலம் வரை இழுத்துப் பார்த்தார். வெள்ளத்தில் மூழ்கிய காரை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக்கோடு நின்றுவிடும் என்பது, 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு வெளியூர்களுக்கு வந்த வண்டிகளைப் பிரித்துப் பார்த்து அவர் கற்ற பாடம். "பெயிண்ட்டை விடுங்க சார், போல்ட்டைப் பாருங்க" என்று முன்பக்க ஃபெண்டரின் போல்ட்டுகளைக் காட்டினார். ஸ்பானர் பட்ட தடமே இல்லை. அந்தத் தகடு ஒருபோதும் கழற்றப்படவில்லை. துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவுகளின் மேல் நகர்த்தியபோது இடது பின்கதவில் மட்டும் பிடிக்காமல் வழுக்கியது: உள்ளே பட்டி பூசியிருந்தார்கள். அதற்காக நாலாயிரம் குறைத்தார்கள். மீட்டர் காட்டிய கிலோமீட்டரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளட்ச் பெடல் ரப்பரின் தேய்மானத்தையும் ஸ்டியரிங்கின் பளபளப்பையும் பார்த்தார்.

கார் 1,10,000 ரூபாய்க்கு முடிந்தது. ஆனால் முதல் மாதத்திலேயே மேலும் 23,000 ரூபாய் செலவிட்டேன். இதைத்தான் விலை பேசும்போதே எல்லோரும் ஒதுக்கிவைக்க வேண்டும் என்கிறேன். இன்ஜின் வால்வுகளை நேரப்படி இயக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்றவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றினேன். டயரின் பக்கவாட்டில் '1412' என்று அச்சிட்டிருந்தது. 2012-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம் என்று பொருள். பட்டன் தேயாமல் இருந்தாலும் வெடிப்பு விட்ட அந்த இரண்டு டயர்களையும் தூக்கிப் போட்டேன். பேட்டரி, பிரேக் பேட், பிரேக் ஆயில், ரேடியேட்டர் ஹோஸ் ஆகியவையும் அந்தக் கணக்கில் வந்தன. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, பழைய எரிபொருள் ரப்பர் குழாய்களையும் புதிதாகப் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பின் பெரிய தொல்லை எதுவும் இல்லை. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது ஆயிலும் ஃபில்டரும் மாற்றுகிறேன். தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கிறேன். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் வழக்கம்தான் நம் ஊர்ப் பழைய கார்களைத் தின்கிறது. உப்புப் படிந்து அடைத்துக்கொண்டபின் நெடுஞ்சாலையில் ஆவி பறக்க நிற்பவர்களைப் பார்க்கிறோம். கூலண்ட் ஒன்றும் தங்கத்தின் விலை இல்லை. (எலி கடித்த ஒயருக்கு மட்டும் இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை, புகையிலை, பினாயில் இரண்டும் தோற்றுவிட்டன.)

குறையையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டுநருக்கான ஏர்பேக் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். என் காரில் அது கிடையாது, திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸும் கிடையாது. எனவே நான் அதைக் குடும்பத்தோடு நான்குவழிச் சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவதில்லை.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பின்னர் வண்டியைக் காட்டி எஃப்.சி. எனும் தகுதிச் சான்று பெற்று ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆகிவிட்டது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025-இல் 10,000 ஆக்கப்பட்டிருக்கிறது. பசுமை வரி தனி. பதின்மூன்று ஆண்டு ஓடிய காரை வாங்குபவர் இதையும் விலையிலேயே கழித்துப் பேச வேண்டும்.

போக்குவரத்துத் துறைக்கு ஒரு வேண்டுகோள். பழைய வாகனம் வாங்கி விற்கும் வணிகர்கள் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் பெற வேண்டும், உரிமையாளர் வண்டியை அவர்களிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால் அதன்பின் பொறுப்பு அந்த வணிகருடையது என்று மத்திய அரசு வகுத்த விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. என் மாருதியை விற்றபோது இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் அந்தக் காவல் நிலையப் படியை நான் ஏறியிருக்க மாட்டேன். ஆனால் அண்மையில் நான் விசாரித்த நான்கு விற்பனையாளர்களில் ஒருவரும் இந்தப் படிவத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை. அங்கீகாரம் பெற்ற வணிகர்களின் பட்டியலை ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலிலும் தமிழில் எழுதி ஒட்டினால், விற்பவர்கள் யாரிடம் சாவியைக் கொடுக்கலாம் என்று பார்த்துக் கொடுப்பார்கள். பழைய கார் விளம்பரங்களை ஏற்கும்போது அந்த அங்கீகார எண்ணையும் சேர்த்து அச்சிடுவது பற்றித் தங்கள் நாளிதழும் யோசிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.