ஆழியாறு மலைப்பாதையில் எங்கள் ஆம்னியை ஏற்றிவிட்டவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேருந்துப் படி ஏற முடியாமல் போன என் தாயாரை, அவர் பிறந்து வளர்ந்த வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதற்காகவே பழைய மாருதி ஆம்னி வேன் ஒன்றை வாங்கினோம். திண்டுக்கல்லிலிருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகச் சென்ற அதன் முதல் நெடும்பயணம் நல்லபடியாக நிறைவேறியது. அதற்கு உதவியவர்களுக்குப் பலர் அறிய நன்றி சொல்வது எங்கள் கடமை.

வண்டியை எங்களுக்கு விற்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா, ஆயில் மாற்றிய தேதி, பேட்டரி வாங்கிய ரசீது, டைமிங் பெல்ட் மாற்றியபோது ஓடியிருந்த கிலோமீட்டர் என அனைத்தையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு நின்றுவிடாமல், ஆர்.சி. எங்கள் பெயருக்கு மாறும் வரை தொலைபேசியில் விசாரித்துக்கொண்டே இருந்தார். பழைய வண்டி வாங்குகிறவருக்கு அப்படியொரு நோட்டைவிடப் பெரிய உத்தரவாதம் இல்லை என்பேன்.

எங்கள் மெக்கானிக் அண்ணனுக்குச் சொல்லும் நன்றி எளிதில் தீராது. 2019-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி என்று பலர் தயங்கவைத்தபோது, உதிரிபாகங்களுக்குத் தாம் பொறுப்பு என்று துணிவு தந்தவர் அவர். 796 சி.சி. எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியிலேயே இருப்பதால், ஆள்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது சூட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்று சொல்லி, ரேடியேட்டர் ஹோஸ்களையும் கூலண்டையும் மாற்றினார். பிரேக் ஷூக்களையும் விடவில்லை. பிறகு என்னைச் சிறுமலைப் பாதையில் ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் அமர்ந்து, எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக் கூடாது என்று பழக்கிவிட்டார்.

ஆழியாறு வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். லோம்ஸ் வியூ என்னும் காட்சிமுனை இருக்கும் 9-ஆவது வளைவைக் கடந்து சற்றுத் தூரம் சென்றதும் வெப்பமானி முள் மேலே ஏறத் தொடங்கியது. வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினோம். அப்போது தேயிலை மூட்டைகளுடன் இறங்கி வந்த லாரி ஓட்டுநர் ஒருவர், நாங்கள் கை காட்டாமலேயே தம் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, எங்கள் பின்சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டுத்தான் என்ன ஏது என்று கேட்டார். ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது என்று தடுத்து, இருக்கையைத் தூக்கிவைத்துச் சூடு தணியும் வரை எங்களுடன் காத்திருந்தார். ரேடியேட்டரைக் குளிர்விக்கும் ஃபேனுக்குப் போகும் ஒயர் ஒன்றின் மேலுறை உருகி, பாடியில் உரசி, ஃப்யூஸ் போயிருந்ததைக் கண்டுபிடித்தவரும் அவரே. ஃப்யூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் எங்கள் ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பி கேட்காமலேயே ஒட்டி வைத்திருந்த உபரி ஃப்யூஸ்கள் அங்கேதான் கைகொடுத்தன. ஒயருக்கு டேப் சுற்றி, புது ஃப்யூஸைச் செருகி, ஃபேன் சுற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகே அவர் புறப்பட்டார். பணம் கொடுக்க முயன்றபோது கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார்.

அட்டகட்டியில் அம்மாவுக்கு நாற்காலி போட்டுத் தேநீர் தந்த கடைக்காரருக்கும், தோட்டத்தின் பழைய லயத்தை (தொழிலாளர் குடியிருப்பு வரிசையை) பார்க்க அனுமதித்து, அம்மாவுடன் கொழுந்து பறித்த தோழி ஒருவரையும் அழைத்து வந்து நிறுத்திய பணியாளர்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

அந்த லாரி ஓட்டுநரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. வால்பாறை, பொள்ளாச்சிப் பக்கம் லாரி ஓட்டும் நண்பர்கள் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அவரிடம் எங்கள் நன்றியைச் சேர்ப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
அம்மாவும் குடும்பத்தாரும்,
திண்டுக்கல்.