‘ஸ்கீமர்’ என்றால் திறமையாகத் திட்டமிடுபவரா? – அகராதிச் செயலி நிறுவனத்துக்கு ஒரு புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்கள்,
ஆங்கிலம்–தமிழ் அகராதிச் செயலி நிறுவனம், சென்னை.

ஐயா, வணக்கம்.

உங்கள் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டிப் பயன்படுத்தி வருபவன் நான். ‘பிழை தெரிவிக்க’ என்ற பெட்டியில் எழுதிப் பார்த்தேன். மின்னஞ்சல் அனுப்பினேன். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பாட்டைக் கேட்டுக்கொண்டே காத்துக் கிடந்தேன். ஒவ்வொரு முறையும் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி மட்டும் தவறாமல் வருகிறது. செயலியைத் திறந்தால் ‘ஸ்கீமர்’ என்ற சொல்லும் அதற்குக் கொடுத்த தவறான பொருளும் அப்படியே இருக்கின்றன. இனி யாரிடம் சொல்வது என்று தெரியாமல்தான் தபாலில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் மேலாளர் பணி ஓய்வு பெற்றார். நூல் விலை ஏறப்போவதை முன்கூட்டியே கணித்து இருப்பு வைப்பார். தீபாவளி ஆர்டர் நேரத்தில் ஒரு தறி நிற்காது. அப்படிப்பட்டவருக்கு வாழ்த்து மடல் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். ‘திறமையாகத் திட்டமிடுபவர்’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்னவென்று உங்கள் செயலியில் தேடினேன். முதலில் வந்தது ‘ஸ்கீமர்’. பக்கத்தில் பச்சை நிற டிக், ‘நிபுணர்களால் சரிபார்க்கப்பட்டது’ என்ற வரி. கீழே எடுத்துக்காட்டு வாக்கியம் வேறு: ‘ஹி ஈஸ் எ குட் ஸ்கீமர்’.

அதை நம்பி அச்சடித்து, தங்க நிற பார்டர் போட்ட ஃபிரேமில் மாட்டி, பொன்னாடை போர்த்தும்போது கையில் கொடுத்தோம். ஆங்கிலப் பக்கத்தை அவருடைய பேத்தியே மைக்கில் வாசித்தாள். அந்த வரி வந்ததும் குழந்தை நிறுத்திவிட்டு அப்பா முகத்தைப் பார்த்தாள். மண்டபத்தில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. புரிந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, நான் யாருக்கு என்ன சூழ்ச்சி பண்ணேன்?” என்று கேட்டார். ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பெயரை ஒரே வரியில் அழித்துவிட்டீர்கள். எனக்கும் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

இதைச் சொன்னதற்கு உங்கள் சேவை மையத்தில் ஒருவர் கொடுத்த பதில் இது: “அரசாங்க ஸ்கீம்னு சொல்றோம்ல சார், ஸ்கீம்னா திட்டம், ஸ்கீமர்னா திட்டம் போடுறவர். இதுல என்ன தப்பு?” பொறுமையாக விளக்கப் போனேன். குறுக்கே பேசி, “இங்கிலீஷ் தெரியாதவங்க இங்கிலீஷ்ல எழுதவே கூடாது சார்” என்று சொல்லி வைத்துவிட்டார். தெரியாததால்தானே ஐயா அகராதி வாங்குகிறோம்? தெரிந்தவனுக்கு உங்கள் செயலி எதற்கு? அந்த உரையாடலைப் பதிவு செய்திருப்பீர்கள். தயவுசெய்து நீங்களே ஒருமுறை கேளுங்கள்.

அவர் அறியாத விஷயத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அகராதி நடத்துகிறவர்கள் நீங்கள். ஸ்கீம் என்ற பெயர்ச்சொல் பிரிட்டனிலும் இந்தியாவிலும் வெறும் திட்டம்தான். பென்ஷன் ஸ்கீம், வீட்டு வசதி ஸ்கீம் என்கிறோம். அமெரிக்காவில் அதுவே பெரும்பாலும் மோசடி வாடையோடுதான் வரும். 1920இல் பாஸ்டனில் சார்லஸ் பொன்சி நடத்திய பண மோசடியால்தான் ‘பொன்சி ஸ்கீம்’ என்ற பெயரே வந்தது. ஆனால் ஸ்கீமர் என்று ஆளைச் சொன்னால் எந்த நாட்டிலும் அது வசைதான். சதிகாரர், சூழ்ச்சிக்காரர் என்று பொருள். தமிழிலும் இந்த மாதிரி நடந்திருக்கிறது. குறளில் ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று வரும்போது சூழ்ச்சி என்பது கலந்தாய்வு, நல்ல சொல். இன்றைக்கு யாரையாவது சூழ்ச்சிக்காரர் என்று சொல்லிப் பாருங்கள்.

சரியான சொற்கள் இல்லாமலா போயின? நீண்ட காலத்துக்கு யோசித்து வழி வகுப்பவர் ஸ்ட்ராடஜிஸ்ட். 2021 சட்டமன்றத் தேர்தலின்போது பிரசாந்த் கிஷோரைத் தமிழ்ச் செய்திகள் ‘தேர்தல் வியூக வகுப்பாளர்’ என்று எழுதியது இந்தச் சொல்லைத்தான். களத்தில் அந்தந்த நேரத்துக்குக் காய் நகர்த்துபவர் டாக்டிஷியன். 2007 இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் கடைசி ஓவரை ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுத்த தோனியை அப்படிச் சொல்லலாம். மாஸ்டர்மைண்ட் என்பது பாராட்டாகவும் வரும், குண்டுவெடிப்புச் செய்தியிலும் வரும், பார்த்துத்தான் போட வேண்டும். உங்கள் செயலியிலோ இத்தனைக்கும் ஒரே பொருள், ‘திட்டமிடுபவர்’. எங்கள் மேலாளருக்கு ஸ்ட்ராடஜிஸ்ட் என்று போட்டிருந்தால் அவர் அந்த ஃபிரேமை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பார்.

இன்னொன்று. இரவு பஸ் பிடித்து உங்கள் சென்னை அலுவலகத்துக்கே வந்தேன். வரவேற்பில் இருந்த பெண், மொழிப் பிரிவு பெங்களூருவில் இருக்கிறது என்றார். பெங்களூரு எண்ணுக்குப் பேசினால், தமிழ் சம்பந்தப்பட்டதெல்லாம் சென்னையில்தான் என்கிறார்கள். சம்பளப் பிடித்தம், பஸ் கட்டணம், மடலை மறுபடி அச்சடித்த செலவு எல்லாம் என் தலையில். கணினி இல்லாத 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் கொண்டுவந்தது. இவ்வளவு வசதி உள்ள நீங்கள் ஒரு சொல்லைத் திருத்த இப்படி அலைக்கழிக்கிறீர்கள்.

உங்கள் செயலியில் உச்சரிப்பு வசதி நன்றாக இருக்கிறது, என் பிள்ளைகளும் அதில்தான் படிக்கிறார்கள். ஆகவே பணிவாகவே கேட்கிறேன். ‘ஸ்கீமர்’ பதிவைத் திருத்தி, அது இழிபொருளில் வரும் சொல் என்று குறிப்புச் சேர்க்க வேண்டும். அந்த எடுத்துக்காட்டு வாக்கியத்தை நீக்க வேண்டும். சந்தாத் தொகையைத் திருப்பித் தர வேண்டும். தவறு செயலியில்தான் என்று எழுதி, நிறுவனத்தின் கையெழுத்தோடு எங்கள் மேலாளர் பெயருக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். பணத்தைவிட எனக்கு முக்கியம் அந்தக் கடிதம்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். அங்கே இந்தத் தொகைக்குக் கட்டணம்கூட இல்லை என்பது எனக்குத் தெரியும். உங்கள் செயலியின் ஸ்கிரீன்ஷாட்கள், குறுஞ்செய்திகள், சந்தா ரசீது எல்லாவற்றின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஸ்கிரீன்ஷாட்களில் பச்சை டிக் தெளிவாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
உங்கள் ஆண்டுச் சந்தாதாரர்,
அருப்புக்கோட்டை.