லாவெண்டர் விழாப் பொறுப்பை ஏற்றிருக்கும் தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

வணக்கம். பந்தல், மேடை, விளம்பரம் பற்றியெல்லாம் கேட்டிருந்தீர்கள். அவை கடைசி இரண்டு மாத வேலை. இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: வயலைப் பங்கு பிரிப்பது. எந்த வரிசை பார்ப்பதற்கு, எந்த வரிசை வருகிறவர்கள் கையால் அறுப்பதற்கு, எந்த வரிசை எண்ணெய் வடிப்பதற்கு என்று எல்லா விவசாயிகளும் உட்கார்ந்து பேசி முடித்த பிறகே தேதியை அறிவியுங்கள்.

காரணம் செடியிலேயே இருக்கிறது. காயவைக்கும் கொத்துக்குக் கதிரில் நாலைந்து பூ மட்டும் விரிந்திருக்கும்போதே அறுக்க வேண்டும். பொறுத்தால் காய்ந்ததும் மணிமணியாக உதிர்ந்துவிடும். எண்ணெய்க்கோ பாதிக்கு மேல் பூ விரிந்து, முதலில் பூத்தவை வாடத் தொடங்கியிருக்க வேண்டும். பார்க்க வருகிறவர்களுக்கு வயல் முழுக்க ஊதாவாக நிற்க வேண்டும். ஒரே வரிசை இந்த மூன்றுக்கும் உதவாது. கொத்து விற்பவர் தன் நேரத்துக்கு அறுத்துவிட்டால், அடுத்த வாரம் வரும் கூட்டம் பச்சைப் புதரைத்தான் பார்க்கும். அதற்காக அவரை அறுக்காதே என்று தடுப்பதும் நியாயமில்லை, அது அவர் வருமானம். பார்வைக்கென்று வரிசையை விட்டுத்தருபவருக்கு நுழைவுக் கட்டணத்தில் பங்கு என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு பேசப்படாத இடத்தில்தான் மனஸ்தாபம் முளைக்கிறது.

அடுத்தது தேதி. வசந்தகால வெப்பத்தைப் பொறுத்துப் பூக்கும் காலம் ஒரு வாரம், சில ஆண்டுகளில் இரண்டு வாரம்கூட முன்பின்னாகும். இதைச் சமாளிக்க ஒரே வகையை நம்பாதீர்கள். ஆங்குஸ்டிஃபோலியா எனப்படும் லாவெண்டர் வகைகள் முதலில் பூக்கும். லாவண்டின் எனப்படும் கலப்பின வகைகள், குறிப்பாகக் கிராஸோ, இரண்டு மூன்று வாரம் கழித்துப் பூக்கும். முதல் வகை முடியும் தறுவாயிலும் இரண்டாவது நிறம் ஏறும் நிலையிலும் இருக்கும் வார இறுதியைத் தேர்ந்தெடுத்தால், பருவம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஏதாவது ஒரு வயல் பூத்திருக்கும். பிரான்சின் ஸோ ஊரில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று விழா நடக்கிறது. அரிவாளால் லாவெண்டர் அறுக்கும் போட்டி அங்கே பெரிய ஈர்ப்பு. அறுவடையையே காட்சியாக்கிய யோசனை அது; உங்கள் ஊருக்கும் பொருந்தும். மூத்தவர்களின் கைவேகத்தைக் கூட்டம் பார்க்கட்டும்.

வருகிறவர்கள் தாங்களே அறுக்கும் பகுதியில் ஒருவரை நிறுத்திச் சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள். ஒரு பிடி தண்டைச் சேர்த்துப் பிடித்து, இலைகளுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். கீழே இறங்கி இலையில்லாத பழைய கட்டையில் வெட்டினால் அந்த இடம் பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது. முனை மழுங்கிய கத்தரி போதும். கொத்தை நூலால் கட்டாமல் ரப்பர் பேண்டு போடுங்கள். காயும்போது தண்டு சுருங்கும், நூல் தளர்ந்து கொத்து சரிந்துவிடும். பனி உலர்ந்த பிறகே இந்தப் பகுதியைத் திறக்க வேண்டும். ஈரத்தோடு கட்டிய கொத்தின் நடுவில் பூசணம் பிடிக்கும்.

தேனீக்களைப் பற்றி நுழைவாயிலிலேயே சொல்லிவிடுங்கள். பூவில் மேயும் தேனீ ஆளைத் தேடி வந்து கொட்டாது. கையால் அமுக்கினாலோ செருப்பில்லாத காலில் மிதிபட்டாலோதான் கொட்டும். ஆகவே மூடிய காலணி அவசியம். கொட்டினால் ஒவ்வாமை வரும் என்று தெரிந்தவர்கள் தங்கள் மருந்தோடு வர வேண்டும் என்பதை அறிவிப்பிலேயே அச்சிடுங்கள். முதலுதவி மேசை வயலுக்கு அருகில் இருக்கட்டும், மேடைக்கு அருகில் அல்ல.

எண்ணெய் வடிக்கும் செயல்விளக்கத்துக்குத்தான் அதிகக் கூட்டம் சேரும், தவறுகளும் அங்கேதான் அதிகம். அடியில் தண்ணீர், அதற்குமேல் சல்லடைத் தட்டு, தட்டின்மேல் பூ: வாலையை, அதாவது எண்ணெய் வடிக்கும் கலத்தை, இப்படி நிரப்புங்கள். பூ தண்ணீரில் மூழ்கிக் கொதித்தால் நறுமணத்துக்கு முக்கியமான லினலைல் அசிடேட் சிதைந்து மணம் கெடும். பூவை ஒரே சீராகப் பரப்புங்கள். ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் தளர்வாகவும் இருந்தால் ஆவி தளர்ந்த வழியில் புகுந்து போய்விடும், மீதிப் பூவில் எண்ணெய் அப்படியே தங்கிவிடும். மேலே கொஞ்சம் இடம் விட்டு ஒரு வலை போடுங்கள். பூ எழும்பிக் கழுத்துக் குழாயை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், அது ஆபத்து. சுற்றிலும் இரண்டு மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுவதும் தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதும் கட்டாயம்.

தண்டு குறைத்து நறுக்கிய 10 கிலோ பூவில், ஆங்குஸ்டிஃபோலியாவானால் 50 முதல் 100 மில்லி, லாவண்டினானால் ஏறக்குறைய அதைப்போல் இருமடங்கு எண்ணெய் எதிர்பார்க்கலாம். எண்ணெய் தண்ணீரைவிட இலேசு, மேலே மிதக்கும். கண்ணாடிக் குடுவையில் அது சேர்வதைக் குழந்தைகள் பார்க்கும்படி வையுங்கள். தண்ணீர் சூடேறுவதைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்க மாட்டார்கள். அறிவித்த நேரத்துக்கு முன்கூட்டியே அடுப்பை மூட்டுங்கள், கூட்டம் கூடும்போது முதல் துளி விழட்டும். எண்ணெயைப் பிரித்த பின் மிஞ்சும் மணமுள்ள பூநீரைச் சுத்திகரித்த புட்டியில் மட்டும் நிரப்பிக் குளிர்ச்சியில் வைக்கச் சொல்லி விற்கலாம். எந்த நோயையும் தீர்க்கும் என்று எழுதிவிடாதீர்கள். சமையலுக்கென்று விற்பது பூச்சிமருந்து படாத ஆங்குஸ்டிஃபோலியாவாக மட்டும் இருக்கட்டும். லாவண்டினில் கற்பூரக் கூறு அதிகம், கசக்கும்.

பயிற்சிப் பந்தலில் லாவெண்டர் கோல், அதாவது பூவை உள்ளே வைத்துத் தண்டுகளை ரிப்பனால் பின்னிய கைவேலை, செய்யச் சொல்லிக்கொடுங்கள். நீளத் தண்டுள்ள கிராஸோ இதற்கு நல்லது. தண்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக, 13 அல்லது 15 ஆக, இருக்க வேண்டும். இரட்டைப்படையானால் முன் சுற்றில் மேலே போன தண்டின் மேலேயே ரிப்பன் ஒவ்வொரு சுற்றிலும் போகும், பின்னல் விழாது. பூத்தலைகளுக்குக் கீழே ரிப்பனின் ஒரு முனையால் கட்டி, தண்டுகளை ஒவ்வொன்றாகப் பூவின்மேல் கூண்டுபோல மடக்கி, மறுமுனையை மேலும் கீழுமாகக் கோத்து வர வேண்டும். இரண்டு மீட்டர் ரிப்பன் தாராளம். முதல் இரண்டு சுற்றுதான் கடினம், உதவியாளர் அங்கே கைகொடுத்தால் போதும். தண்டு அன்று காலை அறுத்ததாக இருக்க வேண்டும். முந்தின நாள் அறுத்தது வாடி, மடக்கும்போது முறியும்.

வாகனம் நிறுத்தும் இடத்தைச் செடி வரிசைகளுக்கு இடையில் வைக்கவே கூடாது. சக்கரம் மண்ணை இறுக்கினால் நீர் தேங்கும், நீர் தேங்கினால் லாவெண்டரின் வேர் அழுகும். தனிப் புல்வெளியை ஒதுக்கி, விழாவுக்கு முன் புல்லை ஒட்ட வெட்டி, வெட்டியதை அள்ளிவிடுங்கள். வண்டியின் சூடான புகைக்குழாய் உயரமான காய்ந்த புல்லில் பட்டால் தீப்பிடிக்கும். கழிப்பறை, குடிநீர், நிழல் மூன்றையும் தாராளமாகவே கணக்கிடுங்கள். பூக்கும் காலம் வெயில் காலம்.

விழா முடிந்த மறுநாளே ஆட்கள் கலைந்துவிடுவார்கள். ஆகவே கத்தரிப்புக்கான ஆட்களையும் நாளையும் இப்போதே குறித்துவையுங்கள். பார்வைக்காக விட்டிருந்த வரிசைகளை முதலில் அறுத்து எண்ணெய்க்கு அனுப்புங்கள். பிறகு கட்டைக்கு மேலே நாலைந்து சென்டிமீட்டர் பச்சை இருக்கும்படி எல்லாச் செடிகளையும் உருண்டையாகக் கத்தரியுங்கள். குளிர் உறையும் ஊரானால், முதல் உறைபனிக்கு முன் புதுத் துளிர் முற்றுவதற்கு அவகாசம் வேண்டும்.

அன்புடன்,
லாவெண்டர் வளர்க்கும் நண்பர்கள்