கூண்டுக்குள் ஒரு மண்குளியல்: மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை காலையில், நெற்றியில் நாமத்துடன் நீங்கள் கோழிப்பண்ணைக்குள் நடந்தபோது நானும் உங்கள் பின்னாலேயே வந்தேன். இந்த மாதம் முழுவதும் நம் வீட்டில் முட்டை உடைப்பதில்லை. ஊர் உலகமும் விரதம் இருப்பதால் நாமக்கல்லில் முட்டை விலை இறங்கிவிடுகிறது. உங்கள் வருமானத்தையே குறைக்கும் ஒரு விரதத்தை நீங்கள் முகம் சுளிக்காமல் கடைப்பிடிப்பதை நான் கேலியாகப் பார்த்ததே இல்லை. அந்த மரியாதையில்தான் இதை எழுதுகிறேன்.

அன்று கொட்டகையில், நடு அடுக்கில் இருந்த ஒரு கோழி திடீரென்று கம்பித்தரையில் படுத்து, இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, காலால் எதையோ வாரி வாரி மேலே போட்டுக்கொள்ள முயன்றது. அம்மாயி வீட்டுச் சாம்பல் குழியில் நாட்டுக்கோழிகள் புரள்வதைப் பார்த்தவர்களுக்கு அது மண்குளியல் என்று விளங்கும். அங்கே மண்தான் இல்லை. ஒரு கோழிக்கு ஏ4 தாள் அளவுகூட இடமில்லாத அந்தக் கூண்டில், மற்ற கோழிகள் அதன்மேலேயே மிதித்து ஏறின. நீங்கள் தீவனத் தொட்டியைப் பார்த்தபடி கடந்து போனீர்கள்.

புலால் உண்ணாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நம் குலதெய்வமே கிடாய் கேட்கிற சாமி. 1950-ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003-இல் அரசு கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தியபோது நீங்கள் கொண்ட கோபம் நியாயமானது என்றே இன்றும் எண்ணுகிறேன்; 2004-இல் அந்தச் சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டதும் நாம் வைத்த பொங்கலும் நினைவில் இருக்கிறது. அன்று மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகும் கிடாய் துலுக்கவில்லை; அது உடம்பை உதறினால்தானே சாமியின் உத்தரவு. பூசாரி மறுபடி தெளித்தார், மறுபடியும் தெளித்தார். அரிவாள் தரையில் கிடக்க, பசியோடு இருந்த அத்தனை பேரும் கைகட்டி நின்றோம். தண்ணீர் பட்டால் எந்த ஆடும் உடம்பை உதறத்தானே செய்யும் என்று கல்லூரி நாட்களில் உங்களிடம் வாதாடியிருக்கிறேன். இப்போது அந்த வாதம் எனக்குச் சின்னதாகப் படுகிறது. உத்தரவு கிடைக்காமல் கை வைக்கக்கூடாது என்று ஓர் ஊரே அஞ்சி நின்றதே, அதுதான் பெரிதாகத் தெரிகிறது. அது மட்டுமல்ல, வெட்டுப்படும் நாள்வரை நேர்ந்துவிட்ட அந்தக் கிடாய் யார் வேலியில் மேய்ந்தாலும் ஒருவரும் கல்லெடுத்து எறியவில்லை.

ஆட்டிடம் அவ்வளவு உத்தரவு கேட்கிற நாம், சூடான கத்தியால் அலகு நுனியைத் தீய்த்து, ஓராண்டுக்கு மேல் கம்பியில் நிற்கவைக்கும் கோழியிடம் எதையும் கேட்பதில்லை. இதை எந்தச் சாமி அனுமதித்தது என்று நீங்களே சொல்லுங்கள். அசைவதற்குப் போதிய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படியே குற்றம். ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய வெற்றுக் கூண்டுகளை 2012 முதல் தடை செய்துவிட்டது. நம் நாட்டுச் சட்ட ஆணையமும் 2017-இல் தன் 269-ஆவது அறிக்கையில் இந்தக் கோழிகளின் நிலையைத்தான் பேசியது. ஆனால் சட்டத்தைக் காட்டி உங்களை அசைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

உங்கள் மறுமொழியும் தெரியும். கூண்டு இல்லாவிட்டால் முட்டை விலை கூடும், சத்துணவுக் குழந்தையின் தட்டில் இருப்பது இந்த மலிவான முட்டைதான் என்பீர்கள். அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. தரையில் விட்டால் ரத்தக்கழிச்சல் வரும், எச்சம் ஒட்டிய முட்டையைத் துடைக்க ஆள் வேண்டும், தீவனமும் கூடுதலாகும் என்பதையும் மறுக்கவில்லை.

ஆகவே எல்லாக் கொட்டகைகளையும் மாற்றச் சொல்லவில்லை. தாத்தா முதன்முதலில் கட்டிய, இப்போது சாக்குகள் அடைந்து கிடக்கும் சிறிய கொட்டகையை மட்டும் கேட்கிறேன். கூண்டு வருவதற்கு முன் அவர் அங்கே உமி பரப்பி, ஆழ்கூளத்தில்தான் கோழி வளர்த்தார். அடுத்த பேட்சில் முந்நூறு குஞ்சுகளை அங்கே விடுங்கள்; முட்டைப் பெட்டிகளும் ஏறி உட்காரக் கட்டைகளும் நான் செய்து தருகிறேன், நட்டம் வந்தால் பாதி என் கணக்கு. ஐப்பசி பிறந்ததும் வருகிறேன். அதற்குள் சாக்குகளை மட்டும் வெளியே எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்