ஐ.என்.ஏ. முதியவர்களின் குரல் பதிவு: கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தவர்களின் நினைவுகளைக் குரலாகப் பதிவு செய்யும் வேலை ஒரு கட்டத்துக்கு வந்து நிற்கிறது. முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பேசக்கூடியவர்கள் அநேகமாக யாரும் மிச்சமில்லை, அதனால் நிற்கிறது. 1943இல் பதினெட்டு வயது என்றால் இன்று நூறைத் தொட்டிருக்க வேண்டும், கணக்குப் போட்டுப் பாருங்கள். கேப்டன் லட்சுமி 2012இல் போனார். ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் அவருடன் பொறுப்பில் இருந்த ஜானகி ஆதி நாகப்பன் 2014இல் போனார். இவர்களைப் பற்றி எழுத ஆள் இருந்தது. காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்து, அடுத்த மாதம் காக்கி உடுப்பில் நின்றவர்களுக்கு அப்படி யாரும் இல்லை.

முதல் நன்றி குடும்பங்களுக்கு. பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து காதருகே கேள்வியைத் திருப்பிச் சொன்னதற்கும், களைத்துவிட்டார் என்று தெரிந்ததும் தயங்காமல் எங்களை எழுப்பி அனுப்பியதற்கும்தான். அதைவிட முக்கியமாக, கேட்கச் சங்கடமாக இருந்ததையும் அழிக்கச் சொல்லாமல் விட்டதற்கு. ஒரு வீட்டில் தாத்தா நாட்டுப்பற்றால் படைக்குப் போனார் என்றே பேரப்பிள்ளைகள் கேட்டு வளர்ந்திருந்தார்கள். அவர் எங்களிடம் சொன்னது வேறு: "சயாம் ரயிலுக்குப் பிடிச்சுக்கிட்டுப் போயிருவானுங்கன்னு பயந்துதான்யா பேரு கொடுத்தேன். இங்கன்னா சோறாவது போடுவாங்க." அந்தப் பயத்தில் பொய்யில்லை. சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே, அப்போது மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆட்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போன காலம். போனவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். தோட்டத்திலோ ரப்பர் பாலை வாங்க ஆளில்லை, அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் மூன்று வேளையும்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "சோத்துக்குப் போனவன்தான். நேதாஜி பேச்சக் கேட்டப்புறம் திரும்பி வர மனசில்ல." இந்த இரண்டு பேச்சையும் சேர்த்து வைத்தால்தான் அந்த மனிதர் முழுசாக வருகிறார். முதல் பேச்சை வெட்டிவிட்டால் மேடையில் சொல்ல வசதியாக இருக்கும், அவ்வளவுதான். "அப்பா சொன்னது அப்படியே இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்ட அவருடைய மகளுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

அடுத்து, ஓய்வுபெற்ற அந்தப் புவியியல் ஆசிரியர். பெரியவர்கள் பலருக்குத் தாங்கள் நின்று சண்டை போட்ட ஊரின் பெயர் தெரியாது. உத்தரவு வரும், இரவில் நடப்பார்கள், விடிந்தால் ஏதோ ஒரு காடு. ஒருவர் சொன்ன அடையாளம் இவ்வளவுதான்: சுற்றிலும் காய்ந்த பொட்டல், நடுவில் தனியாக ஒரு மலை, மேலே ஏறினால் ஊற்றுத் தண்ணீர். ஆசிரியர் பழைய பர்மா வரைபடத்தை மேசையில் விரித்து, உயரக்கோடுகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். போப்பா மலை. 1945இன் தொடக்கத்தில் பிரேம் குமார் சேகலின் படைப்பிரிவு நின்ற இடம். ஐ.என்.ஏ. அதிகாரிகள் மீது பிரிட்டிஷார் டில்லியில் நடத்திய செங்கோட்டை வழக்கில் நின்றதால் சேகலின் பெயரை நாடே அறியும். அதே மலையில் தண்ணீர் சுமந்தவரின் பெயர் இப்போதுதான் முதல் தடவையாக அந்த இடத்தோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது.

குரலை எழுத்தாக்கிய மாணவர்களை நினைத்தால் இன்னும் வியப்புதான். பல் இல்லாத வாய்ப் பேச்சு, பின்னணியில் மின்விசிறியும் கோழியும், நடுநடுவே திடீரென்று இந்துஸ்தானியில் அணிவகுப்புக் கட்டளை. தமிழும் மலாயும் மட்டும் தெரிந்த பிள்ளைகளை ஐ.என்.ஏ.வில் அந்த மொழியில்தான் பழக்கினார்கள். எண்பது வருடம் கழித்தும் அந்தக் கட்டளைகள் மட்டும் பிசிறில்லாமல் வந்தன. அவற்றைப் பிரித்துச் சொல்ல இந்தி தெரிந்த அம்மையார் ஒருவர் மாலை நேரங்களில் வந்து உட்கார்ந்தார். வண்டி ஓட்டியவர்கள், சாப்பாடு போட்டவர்கள் எல்லாருக்கும் இதோடு சேர்த்தே நன்றி. சால்வையும் கேமராவுமாக வந்தவர்களுக்கும்தான், வந்தவரை சரி. ஆனால் ஒரு பெரியவர் சால்வையை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஏதாச்சும் கேக்க வந்தீங்களா, படம் எடுக்க வந்தீங்களா?" என்று கேட்டதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்த நண்பர் எங்களை நிறையவே படுத்தினார். சுருக்காத ஒலிக்கோப்பாகவே வைக்க வேண்டும், தேதி, இடம், அறையில் இருந்தவர்கள் யார் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு வேண்டும், படிகள் வெவ்வேறு ஊர்களில் இருக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இவ்வளவு எதற்கு என்று கேட்டபோது சிங்கப்பூர் கடற்கரையைக் காட்டினார். ஐ.என்.ஏ.வில் உயிர் விட்டவர்களுக்காக நேதாஜி அங்கே 1945 ஜூலை 8இல் அடிக்கல் நாட்டினார். திரும்பி வந்த பிரிட்டிஷ் ராணுவம் அதே ஆண்டில் அந்த நினைவுச்சின்னத்தைத் தகர்த்தது. அந்த இடத்தில் ஓர் அடையாளக் கல் வர 1995 ஆனது. அதற்குப் பிறகு நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

பதிவின் நகல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியாக வைத்திருக்கிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய படமோ கடிதமோ இருந்தால் அசலைக் கொடுக்க வேண்டாம், படி எடுத்துக்கொண்டு உடனே தந்துவிடுவோம். படத்தில் இருப்பவர்களை அடையாளம் சொல்ல உங்கள் வீட்டில் ஒருவராவது இருக்கும்போதே, பின்பக்கம் பென்சிலால் மெதுவாகப் பெயர்களை எழுதி வையுங்கள்.

நன்றியுடன்,
பதிவுக் குழுவினர் சார்பில்